ரோட்டுக்குச் சொன்ன பெயர்

மாமரத்துக் கவட்டில் கால் பதித்து நின்று நியாலோங்வே வெட்டினாள். வெட்டுக்கு ஒரு கிளை. இலையும் பிஞ்சுமாகக் கீழே விழுந்த கிளைகளைப் பார்த்து மருத்துவச்சி நியாகமங்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏ பொம்பளை, இறங்குடி! உள்ள உசிரு இருக்கு. உசிரு இருக்கிற வீட்டுல கிளை வெட்டுறியே, உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா?"

"விடிஞ்சதிலேருந்து எத்தனை வண்டி போச்சு?"

"மூணு."

"எத்தனை நின்னுச்சு?"

வீட்டுக்குள்ளிருந்து தெம்வாவின் குரல் கிளம்பி, நடுவில் உடைந்து, முனகலாகத் தேய்ந்தது.

"நீதானே சொன்னே, பிள்ளை குறுக்க கிடக்கு, உன் கை இதுக்கு மேல போகாதுன்னு?"

"சொன்னேன். அதுக்காக? அவளை உசிரோட வச்சுக்கிட்டு சாவுக் கிளை போடுவியா? ரோடு பேரு கேக்குமே, யார் பேரைச் சொல்லுவே?"

"தள்ளி நில்லு. அரிவாள் விழப்போகுது."

அரிவாள் விழுந்தது. பின்னாலேயே அவளும் குதித்தாள்.

நியாலோங்வே யெசாயாவின் மூத்த மனைவி. உள்ளே துடித்துக்கொண்டிருந்த தெம்வா இளையவள். புருஷன் யெசாயா உலர்ந்த உசிபா நெத்திலி மூட்டைகளோடு மலைமேல் சந்தைக்குப் போய் நான்கு நாள் ஆகிறது. அது ம்வேரா காற்றின் மாதம். தெற்கிலிருந்து வீசுகிற அந்தக் காற்று ஏரியை அடிமட்டத்திலிருந்து புரட்டும். தோணிகளெல்லாம் கரையில் குப்புறக் கிடந்தன. தண்ணீர் வழி அடைந்துவிட்டால் மிச்சம் ஒரே வழி ரோடு. ரோட்டிலோ பெட்ரோல் பஞ்சம். மினிபஸ்கள் நின்று ஒரு வாரம். தெற்கே ஆலையிலிருந்து சர்க்கரை ஏற்றிவரும் லாரிகள் மட்டும் எப்போதாவது வந்தன. வந்தவை எங்கள் ஊரான சிசாலாவின் சரிவில் உருண்டு இறங்கி, அந்த வேகத்திலேயே எதிர்மேட்டில் ஏறிப் போயின. நின்றால் மேடு ஏற டீசல் குடிக்கும். அது போக, வலி கண்டவளை வண்டியில் ஏற்றி, அவள் வண்டியிலேயே பெற்றுவிட்டால் அந்த வண்டி வருஷம் திரும்புவதற்குள் கவிழும் என்று டிரைவர்களுக்கு ஒரு பயம். காலையில் நடுரோட்டில் கையை விரித்து நின்ற நியாலோங்வேயைச் சுற்றிக்கொண்டு ஒரு லாரி போயே போய்விட்டது.

இத்தனைக்கும் எங்கள் வளைவு நிற்பதற்குப் பேர்போன இடம். ரோடு கரும்புக் காட்டில் புறப்பட்டு, சதுப்பைச் சுற்றி, மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே நெடுக வந்து, சிசாலாவில்தான் முதன்முதலாக ஏரியை உரசும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் தண்ணீர், நடுவில் இரண்டு லாரி அகலம். அதன்பின் ரப்பர் தோட்டத்துக்குள் ஏறி, துறைமுகத்தில் போய் முடியும். நல்ல நாளில் வெள்ளைக்காரர்கள் இந்த வளைவில் வண்டியை நிறுத்தி, இறங்கி, "ஆ" என்று நின்று, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். தண்ணீரைப் பார்க்க நிற்கிற ரோடு, மனுஷிக்கு நிற்கவில்லை.

அந்த ரோட்டைத் தன் சொந்தச் சொத்தாக நினைப்பவள் நியாலோங்வே. முதலில் அது தோணி இழுப்பவர்களின் தடம். பிறகு பாதிரியார்களைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து போன ஒற்றையடிப் பாதை. வரி கட்ட முடியாதவர்களைப் பிடித்துவந்து சரளை கொட்ட வைத்தது அதற்கும் அப்புறம். தார் வந்தபோது, மலைக்குப் பின்னால்தான் போவதாகத் திட்டம். முளைக்குச்சிகூட அங்கேதான் அடித்திருந்தார்கள். அளக்க வந்தவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கரைக்கு இறங்கினார்கள். கரையில் ஒரு சின்னப் பெண் மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தாள். மறுநாளும் இறங்கினார்கள். ஒரு மாதம் இறங்கினார்கள். முளைக்குச்சிகளும் பின்னாலேயே இறங்கி வந்துவிட்டன என்பது ஊர்க்கதை.

"இந்த ரோடு வந்தது என் மீனுக்குடி" என்பாள் நியாலோங்வே.

"அதான் வயித்து வலி வந்தவன் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது" என்பாள் தெம்வா.

ரோட்டு வேலையிலேதான் நியாலோங்வே தலையில் மணல் சுமந்தாள். தார் காய்ச்சிய யெசாயாவைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை தங்கவில்லை. வருஷங்கள் போய், யெசாயா தெம்வாவைக் கூட்டிவந்தபோது, பெரியவள் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் தெம்வா கிளறிய மரவள்ளிக் களியில் கட்டி கட்டியாக இருந்ததைப் பார்த்ததும் பேச்சு வந்துவிட்டது; அதன்பின் நிற்கவேயில்லை.

தார் போட்ட முதல் வருஷம் ஆட்டுக்குட்டிகள் அடிபட்டன. இரண்டாம் வருஷம் ஒரு சவ ஊர்வலத்துக்குள்ளேயே லாரி புகுந்தது. அன்றுதான் ஊர்த்தலைவரும் டிரைவர்களும் உட்கார்ந்து ஒரு பேச்சு முடித்தார்கள். சாவு விழுந்த வீட்டார் ரோட்டின் இரண்டு பக்கமும் பச்சைக் கிளை போடவேண்டும். கிளையைக் கண்ட டிரைவர் பாட்டை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, ஊர்ந்து வந்து நின்று, செத்தவர் பெயரைக் கேட்டுத் துக்கம் சொல்லவேண்டும். சாவு வீட்டார் எதைக் கேட்டாலும் மறுக்கக்கூடாது. இவ்வளவும் பேசி வந்தது. பேசாமல் வந்தது ஒன்று உண்டு. பெயர் சொல்லாமல் கிளை போட்டால், ரோடு தனக்கு வேண்டிய ஆளைத் தானே எடுத்துக்கொள்ளும். உயிரோடிருப்பவர் பெயரைச் சொன்னாலோ, சொல்லப்பட்டவர்தான் அடுத்த சவம். சிசாலாவில் இதை நம்பாதவர் கிடையாது, பள்ளிக்கூட வாத்தியார் உட்பட.

இப்போது நியாலோங்வே கிளைகளை இழுத்துப்போய் வளைவின் இரண்டு பக்கமும் போட்டாள். துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள்.

சரிவின் மேலே ஹாரன் கேட்டது.

சர்க்கரை லாரி வேகமாகத்தான் இறங்கிற்று. கிளையைக் கண்டதும் பிரேக் கிறீச்சிட்டது. ரேடியோ நின்றது. டிரைவரின் தொப்பி தலையிலிருந்து மடிக்கு இறங்கியது. ஊர்ந்து, ஊர்ந்து, அவளுக்கு நேராக வந்து நின்றது.

நியாலோங்வே எழுந்து படியில் கால் வைத்து ஏறி, ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். அவன் கேட்டான். அவள் சொன்னாள். பத்தடி தள்ளி நின்ற நியாகமங்கா காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றாள். ம்வேரா காற்று ஒரு எழுத்தைக்கூட அவளிடம் கொண்டுவந்து சேர்க்கவில்லை. டிரைவர் தலை குனிந்து, கண்ணை மூடி, உதடு அசைத்தது மட்டும் தெரிந்தது.

பிறகு அவன் குரல் கேட்டது.

"சொல்லுங்கக்கா. நான் என்ன செய்யணும்?"

"உள்ள ஒருத்தி வலியோட கிடக்கா. துறைமுகத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடு."

டிரைவரின் முகம் மாறியது. ஸ்டியரிங்கைப் பார்த்தான். கிளையைப் பார்த்தான். சாவு வீட்டுக்காரியின் தலையில் ஒட்டியிருந்த புழுதியைப் பார்த்தான்.

"ஒரே நாள்ல ஒரு வீட்டுக்கு இவ்வளவாக்கா?" என்று சொல்லிக்கொண்டே கீழே குதித்தான். வெட்சன் என்று பெயர். வடகோடி எல்லைப்பக்கத்து ஆள்.

வீட்டுக் கதவைக் கழற்றி, தெம்வாவை அதில் படுக்கவைத்து, சர்க்கரை மூட்டைகளின் மேல் ஏற்றினார்கள். நியாலோங்வே அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

ரப்பர் தோட்டத்து மேட்டில் லாரி திணறும்போது தெம்வா கண் திறந்தாளாம்.

"அக்கா… நான் போயிட்டா அந்தப் பச்சைத் துணி உனக்குத்தான்."

"அந்தக் கிழிசல் யாருக்கு வேணும்? மூச்சை விடு."

"புதுசுக்கா அது…"

"புதுசை இத்தனை நாள் எங்கடி ஒளிச்சு வச்சிருந்தே? நீ எழுந்திரு, உனக்கு இருக்கு."

தெம்வா சிரிக்கப் பார்த்தாள். வலி வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று.

இங்கே சிசாலாவில் கதை வேறு மாதிரி ஓடியது.

கிளையைப் போட்டவர்தான் எடுக்கவேண்டும். நியாகமங்கா அதைத் தொடவில்லை. கிளை கிடந்தால் ஊர் சும்மா இருக்குமா? முதலில் விறகுக் கட்டோடு நான்கு பெண்கள் வந்தார்கள். அப்புறம் மாவு வந்தது. பிறகு பாட்டுக் கோஷ்டி.

"யாரும் சாகலை. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றாள் நியாகமங்கா.

"பாவம், அதிர்ச்சியில பேசுறா. தண்ணி குடுங்க."

"அடியே, பொணமே இல்லைங்கிறேன்!"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்களாமே? வந்துடும், வந்துடும்."

சாயங்காலம் தச்சன் பலகையோடு வந்து, தெம்வா உயரம் என்ன என்று விசாரித்தான். நியாகமங்கா செருப்பைக் கழற்றிய பிறகுதான் போனான்.

மறுநாள் காலை யெசாயா சரிவில் நடந்து இறங்கினான். தோளில் சந்தைப் பை, பையில் தெம்வாவுக்குச் சோப்பு, நியாலோங்வேக்குக் காலிக் காப்பி டப்பா. அவள் மாவு வைக்கக் கேட்டிருந்தாள். வளைவு திரும்பியதும் கிளைகளைக் கண்டான். தன் வீட்டுக்கு நேராக. பை கீழே விழுந்தது, டப்பா உருண்டு தண்ணீரில் இறங்கிற்று. ஆறடி மனுஷன் நடுரோட்டில் மண்டியிட்டு அழுததை அன்று சிசாலாவே பார்த்தது. நியாகமங்கா ஓடிப்போய்க் காலரைப் பிடித்து உலுக்கி, காதுக்குள் கத்தினாள்.

"ரெண்டு பேரும் உசிரோடதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காளுக! எழுந்திருடா!"

"அப்போ கிளை?"

"உன் பெரியவளைக் கேளு."

பெரியவள் அன்று மத்தியானமே வந்தாள், ஒரு ரப்பர் தோட்டத்து டிராக்டரில் தொற்றிக்கொண்டு. துணி அழுக்கு, கண் சிவப்பு. ஆண் பிள்ளை என்றாள். வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள், தாய்க்குக் காய்ச்சல் என்றாள். அங்கே நோயாளிக்கு வீட்டார்தான் சமைக்கவேண்டும். மாவும் பாத்திரமும் எடுத்துக்கொண்டு உடனே திரும்பவேண்டும் என்றாள். முதல் வேலையாகக் கிளைகளை அள்ளி ஏரியில் வீசினாள். ஆனால் வீட்டு வாசலில் தெம்வாவின் அண்ணன் ரைட்வெல் நின்றிருந்தான், பக்கத்தில் ஊர்த்தலைவர்.

"காய்ச்சலாமே?" என்றான் ரைட்வெல்.

"ஆமா. வழி விடு, களி கிண்டணும்."

"காய்ச்சல் ஏன் வந்துச்சு? நீ யார் பேரைச் சொன்னே?"

நியாலோங்வே நின்றாள்.

"லாரியை நிறுத்த ஒரு பேரு வேணும்னா, என் தங்கச்சி பேரைத்தானே சொல்லியிருப்பே? சக்களத்தியும் தொலைஞ்சாப்புல, பிள்ளையும் கிடைச்சாப்புல!"

"ரைட்வெல்" என்றார் தலைவர், "வாயை அளந்து பேசு." பிறகு அவளிடம் திரும்பினார். "ஆனா நீயும் சொல்லித்தான் ஆகணும்மா. பேரு தெரிஞ்சா பரிகாரம் பண்ணலாம். தெரியலைன்னா ஊருல ஒவ்வொருத்தனும் தன் பேருதானோன்னு பயப்படுறான். நேத்துலேருந்து என் மாமனார் படுக்கையை விட்டே எழுந்திருக்கலை."

"அவர் போன மழைக்கே எழுந்திருக்கலையே."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"ரோட்டுக்குச் சொன்னது ரோட்டோட இருக்கட்டும்" என்றாள் நியாலோங்வே. "அங்க அவ பட்டினி கிடப்பா. என்னை விடுங்க."

விடவில்லை. பெயர் சொல்லும்வரை தெம்வா பக்கம் போகக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. பாத்திரத்தையும் மாவையும் எடுத்துக்கொண்டு அதே டிராக்டரில் நியாகமங்கா போனாள். தெம்வா பிழைத்து வந்தால் தன்னோடு கூட்டிப் போய்விடுவதாகவும், வராவிட்டால் நியாலோங்வே இந்தக் கரையிலேயே இருக்கமுடியாது என்றும் சொல்லிவிட்டு ரைட்வெல் மாமரத்தடியில் பாய் விரித்தான்.

அடுத்த நாட்களில் நியாலோங்வே யாரோடும் சண்டை போடவில்லை. ஊருக்கு அதுதான் பெரிய திகில். ஊறவைத்த மரவள்ளியைப் பிழிந்தாள், பாறையில் காயப்போட்டாள், இடித்தாள், சலித்தாள். மாவு மலையாகக் குவிந்தது. காய்ச்சல்காரிக்குக் கஞ்சி மிருதுவாக இருக்கவேண்டும் என்று மூன்று தடவை சலித்தாள். கொண்டுபோகத்தான் வண்டியில்லை. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் உலக்கை அந்தரத்தில் நின்றது.

யெசாயா அவள் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"என் பேரையா சொன்னே?"

உலக்கை நின்றது. அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன் பேரைச் சொன்னா எவன் லாரியை நிறுத்துவான்?"

அவனுக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதிக்காக அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

"அவளுக்கு ஏதாவது ஆயிடுமா?" என்றான் மெதுவாக.

"ஆகாது."

"எப்படிச் சொல்றே?"

"சொல்றேன், அவ்வளவுதான். உக்காந்திருக்கிற நேரத்துக்கு அந்தச் சல்லடையைப் பிடி."

நான்காம் நாள் பொழுது சாயும் நேரம். வடக்கே, ரப்பர் தோட்டத்து மேட்டிலிருந்து வெற்று லாரி ஒன்று தடதடவென்று இறங்கி வந்தது. வேகம் குறைந்தது. கிளை இல்லாத வளைவில், யாரும் கை காட்டாமலே, யெசாயா வீட்டுக்கு நேராக நின்றது.

பின்பக்கத்திலிருந்து நியாகமங்காதான் முதலில் இறங்கினாள். பாத்திரத்தை இறக்கினாள். பிறகு கை நீட்டி, ஒரு பச்சைத் துணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். கடைசியாக, பலகையைப் பிடித்துப் பிடித்து, தெம்வா இறங்கினாள். பாதியாக இளைத்திருந்தாள். ஆனால் சொந்தக் காலில் நின்றாள்.

"காய்ச்சல் விட்டுடுச்சு" என்று பொதுவாக அறிவித்தாள் நியாகமங்கா. "டாக்டரம்மா இன்னும் ரெண்டு நாள் இருன்னாங்க. இந்தக் கழுதை கேக்கலை. என் களி பிடிக்கலையாம்."

மாமரத்தடியிலிருந்து கூட்டமே எழுந்து வந்தது. நியாலோங்வே உலக்கையோடு நின்ற இடத்திலேயே நின்றாள். தெம்வா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவளை நோக்கி இரண்டடி வைத்தாள். ரைட்வெல் குறுக்கே வந்தான்.

"அவகிட்டப் பிள்ளையைக் குடுக்காதே. உன் பேரை ரோட்டுக்குக் குடுத்தவ அவ."

"யாரு சொன்னது?"

"அவளே சொல்லட்டுமே, இல்லைன்னு! நாலு நாளா வாயைத் திறக்கலை."

தெம்வா நியாலோங்வேயைப் பார்த்தாள்.

"என் பேரையாக்கா சொன்னே?"

நியாலோங்வே தலை நிமிரவில்லை. கையிலிருந்த மாவைத் துணியில் துடைத்தாள். துடைத்த இடத்திலேயே மறுபடி துடைத்தாள்.

"நின்னுக்கிட்டே இருக்காதே" என்றாள். "தையல் பிரியும்."

"கேட்டியா? பதிலே இல்லை!" என்றான் ரைட்வெல்.

தெம்வா அண்ணனைத் தோளால் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

"சொன்னா சொல்லிட்டுப் போறா. வண்டி நின்னுச்சா இல்லையா? நின்னதாலதான் நான் நிக்கிறேன், நீயும் நின்னு கத்துறே. அக்கா, இந்தா, பிடி. எனக்குக் கை கடுக்குது. எட்டு மூட்டை சர்க்கரை கனம் கனக்கிறான் உன் பிள்ளை."

நியாலோங்வே உலக்கையைச் சாய்த்துவைத்தாள். மாவுக் கையை நீட்டினாள். பச்சைத் துணி கைக்கு வந்ததும் அவள் முகம் போன போக்கை ஊரே பார்த்தது. ரைட்வெல்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். குழந்தையின் நெற்றியில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை ஒட்டியது.

"மூக்கு உன்னை மாதிரி. கெட்டுப் போச்சு" என்றாள்.

அப்போதுதான் லாரியின் முன்கதவு திறந்தது. டீசலுக்காக வடக்கே காத்துக் கிடந்துவிட்டு அன்றுதான் திரும்புகிற வெட்சன் இறங்கினான். தோளில் ஒரு மூட்டை மக்காச்சோள மாவு. மூட்டையை வாசலில் மரியாதையாக இறக்கிவைத்தான். தொப்பியைக் கழற்றினான். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். தன் வண்டியில் வந்தவர்கள் போக, தெரிந்த முகம் ஒன்றுதான். நேராக அவள் முன்னால் வந்து, கை கூப்பி நின்றான்.

"அன்னிக்கு அவசரத்துல துக்கத்துக்கு ஒண்ணும் குடுக்காமப் போயிட்டேங்கக்கா. இந்த வீட்டு மூத்த சம்சாரம் நியாலோங்வே செத்துப் போயிட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க… அவங்களை எங்க அடக்கம் பண்ணியிருக்கு?"